உல்ம் நகரின் எதிர்க்கரை

லண்டனில், தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே, கோலியர்ஸ் வுட்டில் நாங்கள் குடியிருக்கிறோம். என் மனைவியின் தம்பி ஆற்றுக்கு வடக்கே, இல்ஃபோர்டில் இருக்கிறார். திங்களுக்கு ஒருமுறையேனும் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போய்வருவது வழக்கம். நிலத்தடித் தொடருந்தில் ஏறி, மூர்கேற்றில் எலிசபெத் தடத்துக்கு மாறி, கிழக்கே சென்றால் இல்ஃபோர்ட் வந்துவிடும். இடையே ஓர் ஆற்றைக் கடக்கிறோம் என்ற நினைவே எழுவதில்லை. ஆற்றின் அடியால் வண்டி ஓடுகையில் என் மனைவி பெரும்பாலும் கண்ணயர்ந்திருப்பார்.

மைத்துனர் இளமையில் செருமனிக்குப் போனவர். அங்கிருந்து அவர் அனுப்பிய ஒளிப்படங்கள் அனைத்திலும் பின்னணி ஒன்றே: அகன்று செல்லும் ஆறு, அதற்கப்பால் நெடிய மதில், மதிலுக்கு மேலே நெருங்கி நிற்கும் செவ்வோட்டுக் கூரைகள், அவை எல்லாவற்றையும் விஞ்சி வானளாவும் ஒரு கற்கோபுரம். ‘உல்ம் நகரில் இருக்கிறான்’ என்று குடும்பத்தார் யாவரும் சொல்லிக்கொண்டோம். அவரும் மறுத்ததில்லை. அத்துணை அழகிய நகரில் வாழக் கிடைத்தது அவருடைய நற்பேறு என்றே நான் பல்லாண்டுகளாக எண்ணியிருந்தேன்.

இவ்வாண்டின் வேனில் தொடக்கத்தில் ஒருநாள் அவர் வீட்டில் உண்டுகொண்டிருந்தோம். வீடுகளின் தரைக்கு ஓடு பதிப்பது அவர் தொழில். இன்று அவரிடம் பலர் வேலை செய்கிறார்கள். ஆயினும் தொடக்க காலத்தில் மண்டியிட்டு மண்டியிட்டு அவருடைய வலது முழங்கால் தேய்ந்துபோயிற்று. இலையுதிர் காலத்தில் அறுவை மருத்துவம் செய்வதென்று முடிவாகியிருந்தது. அதற்கு முன்னர் எங்கேனும் ஒரு சிறு பயணம் போய்வரலாம் என்று பேச்செழுந்தது.

“அப்ப உல்முக்குப் போவம்,” என்றார் என் மனைவி. “எத்தினை வருசம் அந்தக் கோபுரத்துக்குக் கீழை இருந்தனி. எங்களுக்கும் ஒருக்காக் காட்டன்.”

குழம்பு அள்ளிய அகப்பை மைத்துனர் கையில் அப்படியே நின்றது.

“அக்கா, நான் அந்தக் கோபுரத்துக்குக் கீழை ஒருநாளும் போனதில்லை.”

“என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?”

“உண்மையாத்தான். நான் இருந்தது ஆத்துக்கு இங்காலைப் பக்கம். அது நொய் உல்ம், புது உல்ம். கோபுரம் நிக்கிறது அங்காலை.”

அன்றுதான் முழுச் செய்தியும் எமக்குத் தெரிந்தது. உல்மில் டான்யூப் என்பது வெறும் ஆறன்று. இரண்டு மாநிலங்களின் எல்லை. தென்கரை பவேரியாவைச் சேர்ந்தது. வடகரை வேறொரு மாநிலம். அடைக்கலம் கோரி வழக்கு முடியாமல் இருந்தோர் தமக்கு வகுக்கப்பட்ட மாவட்டத்தைத் தாண்டலாகாது என்பது அந்நாளைய விதி. அகதிகள் விடுதியை ‘ஹைம்’ என்றே அங்குள்ள தமிழர் சொல்வர். மைத்துனரின் ஹைம் தென்கரையிலே, ஆற்றை நோக்கி இருந்தது. சாளரத்தைத் திறந்தால் கோபுரம். ஆனால் பாலத்தின் நடுவோடு அவருடைய உலகம் முடிந்தது.

முதற் குளிர்காலத்தில், அக்கரையில் செத்தல் மிளகாய் விற்கும் கடை ஒன்று இருப்பதாக எவரோ சொல்லக் கேட்டு, கூட்டாளி ஒருவருடன் அவர் பாலத்தில் ஏறியிருக்கிறார். அப்பால் இறங்குமுன்னரே காவலர் மறித்துத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள்.

“இன்னொருக்கா அங்காலை கண்டால் கேஸ் பழுதாப் போகும் எண்டு சொன்னவங்கள். அதோடை நான் அந்தப் பாலத்திலை கால் வைக்கேல்லை. போட்டோவுக்கு மட்டும் ஆத்தங்கரையிலை நிண்டனான்.”

“வதிவிட உரிமை கிடைத்த பின்னர் போயிருக்கலாமே?” என்று கேட்டேன்.

“கிடைச்ச கிழமையே வடக்கை வேலை, அத்தான். கூட்டாளியின்ரை வானுக்குள்ளை சாமானை ஏத்திக்கொண்டு, ஊருக்குள்ளை போகாமல் ஹைவேயாலை அப்பிடியே வெளிக்கிட்டன். பிறகு கலியாணம், பிள்ளையள், லண்டன். எங்கை நேரம்?” தட்டைச் சற்று ஒதுக்கி வைத்தார். “சரி, போவம். எனக்கு மியூசியமும் வேண்டாம், கடைத்தெருவும் வேண்டாம். முழங்காலை வெட்ட முதல், சொந்தக் காலாலை அந்தப் பாலத்தைக் கடக்கவேணும். நடந்து. பகலிலை.”

அவருடைய மனைவிக்கு மருத்துவமனையில் விடுப்புக் கிடைக்கவில்லை. ஆகவே நாங்கள் மூவர் மட்டுமே புறப்பட்டோம். மியூனிக் வரை வானூர்தி. அங்கிருந்து மேற்கே செல்லும் தொடருந்து. விரிந்த கோதுமை வயல்களும் வெங்காய வடிவக் கூரையணிந்த சிற்றூர்த் தேவாலயங்களும் ஓடி மறைந்தன. நகரைக் காண வருவோர் யாவரும் உல்ம் நிலையத்தில் இறங்குவர். மைத்துனரோ அதற்கு முந்திய நிலையத்திலேயே பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“தம்பி, எல்லாச் சனமும் இருக்குது. நாங்கள் மட்டும் என்னத்துக்கு இறங்குறம்?”

“இனி ட்ரெயின் ஆத்துக்கு மேலாலை போகும், அக்கா. நான் இருந்துகொண்டு போகமாட்டன்.”

நொய் உல்ம் நிலையம் இப்போது நிலமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. படியேறி வெளியே வந்தவர் நாற்புறமும் பார்த்துத் திகைத்தார். “ஸ்டேஷனை மண்ணுக்குள்ளை தாட்டுப்போட்டாங்கள்!” என்று சிரித்தார். தெருக்களும் மாறியிருந்தன. இரண்டு முறை வழிதவறினோம். “இவனை நம்பியோ வந்தனாங்கள்?” என்று மனைவி என்னிடம் முறையிட்டார். ஆயின் தெரு முடிந்து ஆறு தோன்றிய கணமே மைத்துனர் நடையில் தடுமாற்றம் நீங்கிற்று.

அன்று மாலை ஆற்றங்கரையில் நாங்கள் கண்ட காட்சியை எப்படி எழுதுவேன்! டான்யூப் அங்கே பேரியாறன்று, ஆனால் விரைவுடையது. பசுமை கலந்த நீர் ஓசையின்றி உருண்டு செல்கிறது. நீரிலிருந்தே எழுவது போல் அக்கரையில் செங்கல் மதில். மதிலின்மேல் மக்கள் உலாவுகிறார்கள். அதன் பின்னே கூர்ங்கூரை வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. அவற்றின் நடுவே சற்றே சாய்ந்த ஒரு சதுரக் கோபுரம். அதன் கூரையில் நிற ஓடுகளாலான கோலம். எல்லாவற்றுக்கும் மேலே பெருந்தேவாலயத்தின் தூபி. கல்லைக் குடைந்து பின்னல் வேலை செய்தாற்போல் அதன் உச்சிப்பகுதி முழுவதும் ஊடுருவித் தெரிகிறது. மாலை ஒளி அதன் துளைகள் வழியே புகுந்து மறுபுறம் வந்தது. கல்லுக்கு இத்துணை மென்மை வாய்க்கும் என்று நான் நினைத்ததில்லை.

“வெயில் முதல் மதிலை விட்டுப் போகும்,” என்றார் மைத்துனர். “பிறகு அந்த மஞ்சள் வீடு. பிறகு சாய்ஞ்ச கோபுரம். கடைசியிலை பெரிய கோபுரத்தின்ரை நுனியிலை மட்டும் கொஞ்சநேரம் நிக்கும். பாருங்கோ.”

அவர் சொன்ன வரிசையிலேயே ஒளி விலகிற்று.

“அந்தக் கோபுரம் ஏன் சாய்ஞ்சு நிக்குது?” என்று மனைவி கேட்டார்.

“அது இறைச்சிக்காரற்றை கோபுரம். சொசேஜிலை கலப்படம் செய்தவங்களைப் பிடிச்சு உள்ளை அடைச்சு வைச்சவங்களாம். நகரத்துப் பெரியவர் ஏசக் கதவைத் திறக்க, எல்லாத் தடியன்மாரும் பயந்து ஒரு மூலைக்கு ஓடினவங்களாம். பாரம் தாங்காமல் கோபுரம் சரிஞ்சு போச்சாம். ஹைம் காவல்காரன் சொன்ன கதை.”

“எங்கடை கடைக்காரரை அடைச்சால் கோபுரம் விழுந்தே போயிருக்கும்,” என்றார் மனைவி.

சிரித்தபடியே பாலத்தை நோக்கி நடந்தோம். பாலம் புதுமையானதுமன்று, பழமையானதுமன்று. பேருந்தும் மிதிவண்டியும் மக்களும் இடையறாது செல்லும் ஓர் இயல்பான பாலம். நாங்கள் பேசிக்கொண்டே போனோம். பாதி தூரத்தில், மைத்துனர் எங்கள் பக்கத்தில் இல்லை என்பதை உணர்ந்து திரும்பினேன். கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு சில அடி பின்னே நின்றார். மற்றக் கை மேற்சட்டைப் பையில் இருந்த கடவுச்சீட்டைத் தடவிக்கொண்டிருந்தது.

“முழங்கால் நோகுதோ?” என்று தமக்கை கேட்டார். அவர் இல்லையென்று தலையசைத்தார்.

“கால் வருகுதில்லை, அக்கா.”

இன்று தமக்குத் தடையில்லை என்பது அவர் அறியாததன்று. பிரித்தானியக் குடியுரிமை பெற்றவர். எந்தக் காவலரும் அவரை இன்று ஒன்றும் கேட்கப்போவதில்லை. அதை அவரே சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். நாங்களும் திரும்பினோம். அன்றிரவு அக்கரைக்குப் போகாமல் நொய் உல்மிலேயே தங்கினோம்.

மறுநாட் காலையில் அவர் ஒரு முடிவோடு வந்தார். “நீங்கள் ரெண்டுபேரும் போங்கோ. நான் இஞ்சை ஆத்தங்கரையிலை இருக்கிற வாங்கிலை குந்தியிருந்து போனிலை வழி சொல்லுறன். ஆனால் பெரிய கோபுரம் நிக்கிற கோவிலுக்குள்ளை மட்டும் போகாதையுங்கோ. அதை நான் வந்து பாக்கவேணும்.”

இவ்வாறுதான், ஆற்றின் எதிர்க்கரையில் அமர்ந்திருக்கும் வழிகாட்டியைக் கைப்பேசியில் ஏந்தியபடி நாங்கள் உல்ம் நகருக்குள் நுழைந்தோம். மனைவி கைப்பேசியை அகல்விளக்குப் போல் முன்னே பிடித்துக்கொண்டு நடந்தார்.

“இப்ப உங்களைத் தெரியுது,” என்றது குரல். “அக்கா, அந்த நீலச் சால்வை நல்லாத் தெரியுது. சாய்ஞ்ச கோபுரத்துக்கு அடியிலை ஒரு வாசல் இருக்கும். அதுக்குள்ளாலை போங்கோ.” நாங்கள் வாயிலுக்குள் புகுந்தோம். “இனி எனக்குத் தெரியாது. அங்காலை என்ன இருக்கு?”

அதுவரை அவர் சொல்லிவந்தார். அவ்வாயிலுக்கு அப்பால் நாங்கள் சொல்லத் தொடங்கினோம். முகப்பு முழுவதும் ஓவியந் தீட்டிய நகர மன்றம். அதன் சுவரில் கோள்களின் இயக்கத்தைக் காட்டும் பொன்னிறக் கடிகாரம். அதன் அருகிலேயே கண்ணாடியாலான பிரமிடு வடிவ நூலகம். பழமைக்குப் பக்கத்தில் புதுமையை அஞ்சாமல் நிறுத்தியிருக்கிறார்கள். ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை.

“கண்ணாடியோ? என்ரை காலத்திலை அது இல்லை,” என்றார் மைத்துனர்.

“உன்ரை காலத்திலை இருந்திருந்தாலும் நீ கண்டிருக்கமாட்டாய்!”

“அது சரிதான்,” என்று ஒப்புக்கொண்டது குரல்.

அங்கிருந்து மீனவர் குடியிருப்புக்குச் சென்றோம். டான்யூபில் கலக்க வரும் ஒரு சிற்றாறு அங்கே பல கிளைகளாகப் பிரிந்து வீடுகளுக்கிடையே ஓடுகிறது. மரச்சட்டங்களை வெளியே காட்டி வெண்சாந்து பூசிய வீடுகள். ஒவ்வொரு சாளரத்திலும் பூந்தொட்டி. ஆளொருவர் கைகளை விரித்தால் இருபுறமும் தொடக்கூடிய சந்துகள். அவற்றை இணைக்கும் குறும்பாலங்கள். ஒரு வீடு நீருக்கு மேலே சாய்ந்து, விழுவேனோ என்று கேட்பது போல் நூற்றாண்டுகளாக நிற்கிறது. போரில் இந்நகரின் பெரும்பகுதி எரிந்தது என்று படித்திருந்தேன். எஞ்சியதை இத்துணைப் பொறுப்போடு போற்றும் மக்களை எண்ணி வியந்தேன்.

“எப்பிடி இருக்கு, அக்கா?”

“வடிவாயிருக்குத் தம்பி.”

“எப்பிடி வடிவு?”

“வடிவெண்டால் வடிவுதான்! வேறை என்ன சொல்ல?”

“அத்தானிட்டைக் குடுங்கோ.”

நான் இயன்றவரை விளக்கினேன். மரச்சட்டங்களின் பொருத்து, கூரையின் சரிவு, சாந்தின் நிறம் என்று சொல்லிக்கொண்டு போகையில் அவர் குறுக்கிட்டார். “அத்தான், பாடப்புத்தகம் மாதிரிச் சொல்லாதையுங்கோ. தண்ணி எந்தப் பக்கத்தாலை போகுது?”

நான் மறுபடியும் பார்த்தேன். நீர் அவ்வீட்டின் பக்கத்தால் மட்டும் ஓடவில்லை, அடியாலும் ஓடிற்று. “வீட்டுக்குக் கீழாலை,” என்றேன். “வீட்டுக்குக் கீழாலையோ!” என்று அவர் மெல்லத் திருப்பிச் சொன்னார்.

பெருந்தேவாலயத்தின் முன்றிலுக்கு வந்தபோது கழுத்து நோவும்வரை அண்ணாந்து நின்றோம். அருகில் நின்று பார்த்தால் தூபியின் முடிவு தெரிவதில்லை. அக்காலத்து நகரமக்கள் மன்னரையோ ஆயரையோ எதிர்பாராது தம் கைப்பொருளாலேயே இதை எழுப்பத் தொடங்கினார்கள். பணி பல தலைமுறைகள் நின்றுபோய்க் கிடந்தது. பின்வந்தோர் பழைய வரைபடத்தைத் துணைகொண்டு தூபியை முடித்தார்கள். தாம் காணப்போவதில்லை என்று அறிந்தே அடிக்கல் நாட்டிய அந்த முதல் மக்களை நான் மனத்தால் வணங்கினேன். கதவு திறந்திருந்தது, மக்கள் உள்ளே போய்வந்துகொண்டிருந்தார்கள்.

“கொஞ்சம் எட்டிப் பாப்பமோ?” என்றேன்.

“அவன் வரட்டும்,” என்றார் மனைவி. அவர் குரலில் இருந்த உறுதியை மீற எனக்குத் துணிவில்லை.

நண்பகலில் ஆற்றோர மதிலின்மேல் ஏறினோம். இப்போது எதிர்க்கரை எங்கள் முன்னே இருந்தது. மரவரிசை, நடைபாதை, அடுக்குமாடிக் கட்டடங்கள். கண்ணைக் கவர்வது ஒன்றுமில்லை. “உன்ரை ஹைம் எது?” என்று மனைவி கைப்பேசியில் கேட்டார்.

“இப்ப ஹைம் இல்லை, அக்கா. பிளாட் கட்டிப்போட்டாங்கள். அங்கையிருந்து பாக்க எப்பிடித் தெரியும் எண்டும் எனக்குத் தெரியாது. பொறுங்கோ, நான் போய் அந்த இடத்திலை நிண்டு கைகாட்டுறன்.”

மரங்களுக்கிடையே அவர் மெல்ல நடந்து போவது தெரிந்தது. வெளிர்நிறக் கட்டடம் ஒன்றின் முன்னே நின்று கையை உயர்த்தினார்.

மனைவி கைப்பேசியைத் தாழ்த்தினார். தம் தம்பி கண்காணாத் தொலைவில், ஏதோ ஒரு பெருநகரின் நடுவே வாழ்ந்ததாக அவர் இத்தனை காலமும் எண்ணியிருந்தார். இப்போது அவ்விடம் கண்முன்னே இருந்தது. தம்பியின் தலைமுடியின் நரையைக்கூட அங்கிருந்து காண முடிந்தது.

“இவ்வளவு கிட்டவோ?” என்றார் என்னிடம். நான் மறுமொழி சொல்லுமுன் மதிலின் விளிம்புக்குப் போய், இரு கைகளையும் வாய்க்குக் குவித்து, “தம்பீ!” என்று கூவினார்.

நீருக்கு மேலால் அக்குரல் நேரே சென்றது. எதிர்க்கரையில் மைத்துனர் காதிலிருந்து கைப்பேசியை எடுத்தார்.

“இஞ்சை வா! சாப்பாட்டுக்கு நேரமாகுது!”

மதிலில் உலாவியோர் திரும்பிப் பார்த்தார்கள். நாயோடு வந்த முதியவள் ஒருத்தி புன்னகைத்தாள். அப்பாலிருந்து மறுகுரல் வந்தது.

“கத்தாதையுங்கோ, அக்கா! பொலிஸ் வரும்!”

“வரட்டும்! நான் கதைக்கிறன்! நீ வா!”

பின்னர் அவர் சிரிப்பது எங்களுக்குக் கேட்டது. இடுப்பில் கையூன்றிக் குனிந்து நின்று சிரித்தார். காவலர் என்ற சொல்லை இந்த ஆற்றங்கரையில் அவர் விளையாட்டாகச் சொன்னது அதுவே முதன்முறையாக இருக்கும். கைப்பேசியைப் பையில் இட்டுக்கொண்டு பாலத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

நாங்கள் மதிலிலிருந்து இறங்கிப் பாலத்தின் எங்கள் முனைக்கு விரைந்தோம். அவர் ஏறிவிட்டார். நடுப்பகுதி வரை சீராக வந்தவர் அங்கே நின்றார். மனைவி என் கையைப் பற்றிக்கொண்டார். மறுபடியும் கூப்பிடுவார் என்று நினைத்தேன், கூப்பிடவில்லை. மைத்துனர் நின்ற இடம் மிதிவண்டிப் பாதை. பின்னால் வந்த ஒரு பெண் மணியை அடித்தாள். அவர் திடுக்கிட்டு ஒதுங்கினார். ஒதுங்கிய அடி முன்னோக்கி விழுந்தது. அதன்பின் அவர் நிற்கவில்லை.

அருகே வந்ததும் தமக்கை சொன்ன முதற்சொல் இது: “நடுவழியிலை நிண்டு சனத்தை மறிக்கிறாய்.”

“முந்தி இதிலை என்னையெல்லோ மறிச்சவங்கள்,” என்றார் அவர். கண்களைத் துடைத்துக்கொண்டார். நாங்கள் வேறு புறம் பார்த்தோம்.

உணவை மறந்து நேரே பெருந்தேவாலயத்துக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் மைத்துனர் குனிந்து தரைக்கற்களை நோக்கினார். ஓரிடத்தில் காலால் தட்டிப் பார்த்தார்.

“கோபுரத்தைப் பாக்க வந்தவன் நிலத்தைப் பாக்கிறான்!”

“நல்ல வேலை, அக்கா. ஒரு கல்லும் ஆடேல்லை.”

பின்னர் நிமிர்ந்தார். கல்தூண்கள் மரங்கள் போல் உயர்ந்து, உச்சியில் கிளைவிட்டு ஒன்றோடொன்று பின்னியிருந்தன. அக்காலத்து நகரமக்கள் யாவரும் வந்து நின்றாலும் பாதி இடம் எஞ்சியிருக்கும் என்று சொல்கிறார்கள். பாடற்குழுவினரின் மர இருக்கைகளில் சமயப் பெரியோரோடு, அச்சமயம் தோன்றுமுன் வாழ்ந்த பண்டைய அறிஞர்களின் உருவங்களையும் செதுக்கியிருக்கிறார்கள். பிறர்க்கும் தம் கோயிலில் இருக்கை தந்த அம்மரச் சிற்பியின் பெருந்தகைமை என்னை நெடுநேரம் அங்கேயே நிறுத்திற்று. திரும்பி வந்தபோது மைத்துனர் ஒரு நெடுவாங்கில் தனியே அமர்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ளை இவ்வளவு வெளிச்சமா இருக்குமெண்டு நான் நினைக்கேல்லை, அத்தான்,” என்றார். “இருட்டா இருக்கும் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சனான்.”

பிற்பகலில் ஒரு வேடிக்கை தொடங்கிற்று. காலையில் அமர்ந்திருந்த வாங்கில் குடையை விட்டுவந்துவிட்டதாகச் சொல்லி அவர் எதிர்க்கரைக்குப் போனார். குடையோடு திரும்பினார். சற்று நேரத்தில், தண்ணீர் வாங்கிவரப் போவதாக எழுந்தார்.

“தண்ணி இஞ்சையும் விக்கிறாங்கள், தம்பி.”

“அங்காலை மலிவு, அக்கா.”

“அந்த முழங்கால் ஒபரேசனுக்கு முதலே கழண்டு விழப்போகுது.”

“விழட்டும். எப்பிடியும் வெட்டத்தானே போறாங்கள்.”

தண்ணீருக்குப் பின் மருந்து. மருந்துக்குப் பின், அக்கரைக் கடையொன்றில் மட்டுமே கிடைக்கும் ஒருவகை ரொட்டி. ஆற்றோர உணவகம் ஒன்றின் வெளி மேசையில் இருந்தபடி, அவர் போவதையும் வருவதையும் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெயில் மதிலை விட்டு விலகிய வேளையில் ரொட்டிப் பையோடு பாலத்தில் வந்தவர், நடுவில் மீண்டும் நின்றார். இம்முறை மிதிவண்டிப் பாதையை விட்டு ஓரமாக ஒதுங்கி, பையைக் காலடியில் வைத்து, கம்பியில் முழங்கைகளை ஊன்றி, கீழே ஓடும் நீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பக்கத்தில் வேறு சிலரும் அவ்வாறே நின்றார்கள். ஒருவரும் அவரைப் பொருட்படுத்தவில்லை.

கூப்பிட வாயெடுத்த மனைவி நிறுத்திக்கொண்டார்.

“நிக்கட்டும்,” என்றார். “நாங்கள் சாப்பாட்டுக்குச் சொல்லுவம்.”